சூரியனில் புள்ளி குறைந்தால் இங்கே மழை குறையுமா?

நீங்கள் எழுதியதன் சாரம் இது: சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழை பொய்க்கும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். தாது வருஷப் பஞ்சம் வந்த 1876, 1877ல் புள்ளிகள் வற்றிக்கொண்டிருந்தன. 2019ல் சென்னை குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோதும் சூரியன் வெறிச்சோடித்தான் இருந்தது. இப்போதைய சுழற்சி 2024ல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது; அடுத்த தாழ்வு 2030, 2031 வாக்கில் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்குள் பண்ணைக்குட்டை வெட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கேள்வியில் சூரியன் இருந்தாலும், உண்மையில் நீங்கள் தேடுவது ஐந்தாறு ஆண்டுக்கு முன்பே வறட்சியைச் சொல்லிவிடும் ஒரு பஞ்சாங்கத்தை.

அந்தப் பஞ்சாங்கமாகச் சூரியப் புள்ளி உதவாது. அதற்காகச் சூரியனின் ஏற்ற இறக்கத்துக்கும் வானிலைக்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களோடும் நான் சேர மாட்டேன். சம்பந்தம் உண்டு. அது எவ்வளவு பெரியது, எந்த ஊரில், எந்தப் பருவத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. ஜெர்மனியின் தெசாவ் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஷ்வாப, 1826 முதல் வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணி, அவை ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன என்று 1840களில் அறிவித்தார். பின்னர் சுவிஸ் வானியலாளர் ருடால்ப் வோல்ப் பழைய குறிப்புகளையெல்லாம் திரட்டிச் சராசரி 11 ஆண்டு என்று திருத்தினார். இன்றும் அவர் வகுத்த கணக்குதான்: புள்ளிக் குழுக்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, பார்ப்பவரின் தொலைநோக்கிக்கு ஏற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 11 என்பது சராசரி மட்டுமே. 9 ஆண்டில் முடிந்த சுழற்சியும் உண்டு, 1784ல் தொடங்கியது போல 13 ஆண்டைத் தாண்டியதும் உண்டு. ஒவ்வொரு சுழற்சிக்கும் சூரியனின் காந்தத் துருவங்கள் இடம் மாறுவதால், காந்தக் கணக்கில் முழுச் சுற்று 22 ஆண்டு. இந்த 22 பின்னால் அமெரிக்க வறட்சிக் கதையில் திரும்ப வரும்.

புள்ளி அதிகமானால் சூரியன் மங்கும் என்றுதான் தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு. புள்ளியின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிட 1,500 டிகிரிக்கு மேல் குளிர்ந்தது என்பது சரியே. ஆனால் புள்ளிகள் வரும்போது அவற்றைச் சுற்றி வெண்திட்டுகளும் கூடவே பெருகுகின்றன. அவை தரும் கூடுதல் ஒளி, புள்ளிகள் பறிக்கும் ஒளியைவிட அதிகம். ஆகவே உச்ச ஆண்டில் சூரியன் சற்றே பிரகாசமாக இருக்கும். எவ்வளவு என்பதைச் செயற்கைக்கோள்கள் 1978 முதல் நேரடியாக அளந்து வருகின்றன: பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட், தாழ்வுக்கும் உச்சத்துக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ 1 வாட், அதாவது 0.1%க்குக் கொஞ்சம் குறைவு. கோளம் முழுவதும் பரப்பி, திரும்பத் தெறித்துப் போகும் 30% ஒளியையும் கழித்தால் பூமிக்கு உண்மையில் சேரும் வித்தியாசம் சதுர மீட்டருக்கு 0.2 வாட்டுக்கும் குறைவு. மனிதச் செயல்களால் 1750க்குப் பிறகு சேர்ந்திருக்கும் கூடுதல் வெப்ப அழுத்தம் 2.7 வாட். அந்த 0.2 வாட்டின் விளைவாக உலகச் சராசரி வெப்பநிலை உச்சத்தில் சுமார் 0.1 டிகிரி கூடுகிறது. இதுவரை சொன்னதில் பெரிய தகராறு யாருக்கும் இல்லை.

இதை மழைக்கு மாற்றிப் பாருங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் உலகச் சராசரி மழை 2 முதல் 3% கூடும். 0.1 டிகிரிக்கு அது 0.3%க்கு மேல் போகாது. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழைச் சராசரி ஏறத்தாழ 870 மில்லிமீட்டர், அதில் 0.3% என்றால் இரண்டரை மில்லிமீட்டர், ஒரு தூறல். அதே பருவமழை எந்தக் காரணமும் கேட்காமல் ஆண்டுக்கு ஆண்டு 10% ஏறி இறங்கும். அது 87 மில்லிமீட்டர். இரண்டரைக்கும் 87க்கும் நடுவில் சிக்கிய சமிக்ஞையைத் தேடுவது சந்தைக் கூச்சலில் கொலுசொலி கேட்பது போல.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடாது என்பதால்தான் இத்தனை பேர் இதில் இறங்கியிருக்கிறார்கள். 0.3% என்பது உலகச் சராசரி. சிறிய தள்ளுதல் காற்றோட்டத்தின் பாதையைக் கொஞ்சம் நகர்த்தினால், ஒரு வட்டாரத்தில் அது பெரிதாகத் தெரியலாம். அதற்கு மூன்று வழிகள் பேசப்படுகின்றன. மூன்றின் தகுதியும் ஒன்றல்ல.

என் பார்வையில் வலுவானது புற ஊதா வழி. மொத்த ஒளி 0.1% மாறும்போது, 200 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதா ஒளி பல சதவீதம் மாறுகிறது. ஓசோனை உண்டாக்குவதும் ஓசோனால் உறிஞ்சப்படுவதும் இந்தப் பகுதிதான். எனவே உச்ச ஆண்டுகளில், ஓசோன் இருக்கும் உயர்காற்றான அடுக்கு மண்டலத்தின் மேல்பகுதி ஒரு டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் அதனால் மாறி, குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி உயரத்தில் வீசும் காற்றான துருவச் சுழலின் வலு மாறி, அது கீழே வட அட்லாண்டிக் காற்றழுத்தம் வரை இறங்குகிறது. புள்ளிகள் வற்றிய காலங்களில் பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் கடுங்குளிர் சற்று அடிக்கடி வருவதற்கு இதையே காரணம் சொல்கிறார்கள். 2009–10 குளிர்காலம் அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம். கவனியுங்கள், இது ஐரோப்பா, குளிர்காலம். தஞ்சாவூர் ஐப்பசிக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

இரண்டாவது வழி கடல். மேகமில்லாத துணை வெப்பமண்டலக் கடல்களில் விழும் கூடுதல் வெயில் ஆவியாதலைக் கூட்டி, நிலநடுக்கோட்டை நோக்கி ஓயாமல் வீசும் வியாபாரக் காற்று அந்த ஈரத்தை நிலநடுக்கோட்டு மழைப் பட்டைக்குக் கொண்டுசேர்க்க, அங்கே மழை கூடி, காற்று மேலும் வலுப்படும் என்பது வாதம். கணினி மாதிரிகளில் இது வேலை செய்கிறது. அளவீடுகளில் பசிபிக்கின் எல் நினோ ஆட்டம் (அதன் நடுப்பகுதிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாவதும் குளிர்வதும்) இதை மூடி மறைத்துவிடுவதால் உறுதிப்படுத்துவது கடினமாக இருக்கிறது. மூன்றாவது, பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடித்த காஸ்மிக் கதிர் வழி: சூரியன் துடிப்பாக இருக்கும்போது அதன் காந்தப்புலம் விண்வெளியிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்கிறது, கதிர் குறைந்தால் மேகத்துளி உருவாகத் தேவையான துகள்களும் குறையும், மேகமும் குறையும் என்பது. 1997ல் ஸ்வென்ஸ்மார்க், பிரீஸ்-கிறிஸ்டென்சன் இருவரும் மேக மூட்டத்துக்கும் காஸ்மிக் கதிருக்கும் காட்டிய பொருத்தம் அடுத்தடுத்த ஆண்டுகளின் தரவில் நிலைக்கவில்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இதற்கென்றே நடத்தப்பட்ட கிளவுட் சோதனை, இந்தக் கதிரால் மின்னூட்டம் பெற்ற அணுக்கள் நுண்துகள் பிறப்புக்கு உதவுகின்றன என்று காட்டியது. ஆனால் அவை மேகத்துளி ஆகும் அளவுக்கு வளர்வதில் கதிரின் ஏற்ற இறக்கம் உண்டாக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. இதை வைத்து வறட்சியை விளக்குபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி தாது வருஷத்துக்கு வருவோம். சூரியப் புள்ளிக்கும் வறட்சிக்கும் முடிச்சுப் போடும் பேச்சு உலகில் எங்கெல்லாமோ நடந்தாலும், அது அரசாங்க விவகாரமாகவே ஆனது சென்னை மாகாணத்தில்தான். 1876ல் இரண்டு பருவமும் கைவிட்டன. 1877ல் தென்மேற்கும் பொய்த்தது. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் இந்திய அரசின் புள்ளிவிவரத் தலைமை அதிகாரி வில்லியம் ஹன்டர், சென்னை வானாய்வகத்தின் மழைப் பதிவை 1813 தொடங்கி எடுத்து, 11 ஆண்டு அடுக்குகளாகப் பிரித்து, புள்ளி தாழ்ந்த ஆண்டுகளில் சென்னையில் மழை குறைவு என்று வாதிட்டார். 1877ல் வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரும் சேர்ந்து புள்ளிகளையும் பஞ்சங்களையும் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். முட்டாள்தனமான வாதம் இல்லை. குண்டூர் பஞ்சம் 1832–33, புள்ளித் தாழ்வு 1833. ஒரிசா பஞ்சம் 1866, தாழ்வு 1867. தாது வருஷம் 1876, தாழ்வு 1878. அந்தக் காலத்தில் இருந்து பார்த்திருந்தால் எனக்கும் உங்களுக்கும் நெஞ்சு திக்கென்றிருக்கும்.

அதே 1877ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டார். அவர் வாதம் எளிது. 60 சொச்சம் ஆண்டில் இருப்பது ஐந்தாறு சுழற்சிதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி எடுத்தால் ஏதோ ஒரு கட்டம் கூடுதலாகவும் ஒரு கட்டம் குறைவாகவும் வரத்தான் செய்யும். அந்தச் சராசரிகளுக்குள் உள்ள வித்தியாசம், தனித்தனி ஆண்டுகள் தம் சராசரியிலிருந்து விலகும் அளவோடு ஒப்பிடும்போது பொருட்படுத்தத்தக்கதே அல்ல. இன்றைய புள்ளியியல் மாணவர் முதல் செமஸ்டரில் செய்யும் சோதனையை, அந்தச் சோதனைக்கு ஒரு பெயர் சூட்டப்படும் முன்பே அவர் செய்திருந்தார். அடுத்த ஆண்டு அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை ஏற்றவரும் இதே ஸ்ட்ரேச்சிதான்.

ஆனாலும் ஆசை விடவில்லை. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் ரகசியம் பிடிபடும் என்ற நம்பிக்கை, 1899ல் கொடைக்கானல் வானாய்வகம் எழுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று உலகிலேயே நீளமான தொடர் பதிவுகளில் சேரும். 1909ல் ஜான் எவர்ஷெட், புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அங்குதான். மழைக்காகத் தொடங்கி மழைக்கு உதவாமல் போய், சூரிய இயற்பியலுக்குப் பெருஞ்செல்வமான இடம் அது.

மழைப் பக்கம் விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1904ல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். சூரியப் புள்ளிக்கும் உலகெங்கும் உள்ள நிலையங்களின் மழை, வெப்பம், காற்றழுத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்பதை, சலிக்காமல் கணக்கிட்டு 1915 வாக்கில் வெளியிட்டார். முன்கணிப்புக்குப் பயன்படும் வலுவான எண் எதுவும் கிடைக்கவில்லை. அதே முறையைக் காற்றழுத்தங்களுக்கு இடையே பயன்படுத்தியபோதுதான், பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்கும் அந்தப் பெரிய ஊஞ்சலைக் கண்டு 1920களில் அதற்குத் 'தெற்கத்திய அலைவு' என்று பெயர் வைத்தார். இன்று நாம் எல் நினோ, லா நினா என்று பேசுவதன் காற்றுப் பாதி அது. இப்போது பின்னோக்கிப் பார்க்கும்போது 1877–78ல் பதிவிலேயே மிக வலுவான எல் நினோக்களில் ஒன்றும், அதோடு இந்தியப் பெருங்கடலின் கிழக்கு மேற்கு வெப்ப ஏற்றத்தாழ்வும் சேர்ந்து அடித்தது தெரிகிறது. மழை பொய்த்ததற்கு அந்த அளவு விளக்கம் உண்டு. பஞ்சம் ஆனதற்கு விளக்கம் வானத்தில் இல்லை: பஞ்ச காலத்திலும் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறியது, நிவாரண வேலையில் ஆள் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும்தான் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். பழியைச் சூரியன் மேல் போடுவது சிலருக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஹன்டரின் கணிப்பு சரியாக இருந்திருந்தால் அதற்குப் பிந்தைய வறட்சிகளும் தாழ்வை ஒட்டியே வந்திருக்க வேண்டும். நாடு முழுவதும் பருவமழை மோசமாகப் பொய்த்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1899, தாழ்வுக்கு (1902) மூன்று ஆண்டு முன். 1918, உச்சம் முடிந்த மறு ஆண்டு. 1965, தாழ்வு முடிந்த மறு ஆண்டு. 1972, இரண்டுக்கும் நடுவே. 1979, உச்சத்திலேயே. 1987, தாழ்வை ஒட்டி. 2002, உச்சத்தை ஒட்டி. 2009, தாழ்வை ஒட்டி. 2014, உச்ச ஆண்டு. 2015, இறக்கம். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. இதே பட்டியலில் 1899, 1918, 1965, 1972, 1987, 2002, 2009, 2015 எல்லாமே எல் நினோ ஆண்டுகள். எந்தக் குதிரையில் பணம் கட்டலாம் என்பது இதிலேயே தெரியும். அதுவும் முழு வெற்றி தரும் குதிரை அல்ல: 1997ல் பெரிய எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை இயல்பாகவே பெய்தது.

சென்னையின் 2019 தட்டுப்பாட்டுக்கு 2018ன் வடகிழக்குப் பருவம் ஏமாற்றியது நேரடிக் காரணம். புள்ளிகளால் அதை விளக்குவதென்றால், அதே இறங்கு கட்டத்தில் 2015ல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 53% அதிகமாகக் கொட்டி ஊரையே மூழ்கடித்ததையும், மறு ஆண்டே 62% குறைந்து வரலாறு காணாத வறட்சி வந்ததையும் சேர்த்து விளக்க வேண்டும். ஓராண்டில் சூரியன் அவ்வளவு மாறவில்லை.

ஒருகாலத்தில் கச்சிதமாகப் பொருந்திப் பிறகு கைவிட்ட உதாரணங்களில் எனக்கு மிகவும் பாடமாகத் தோன்றுவது ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. 1896 முதல் 1920களின் தொடக்கம் வரை ஏரியின் நீர்மட்டமும் புள்ளி எண்ணிக்கையும் கைகோத்து ஏறி இறங்கின. 1906ஐ ஒட்டி ஒரு மேடு, 1917ஐ ஒட்டி ஒரு மேடு. 1923ல் புரூக்ஸ் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் இதை வெளியிட்டார். அதன் பிறகு சில ஆண்டிலேயே பொருத்தம் கலைந்தது. 1961ல் இந்தியப் பெருங்கடல் வழி வந்த பெருமழையில் ஏரி சில ஆண்டுகளுக்குள் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்தபோது சூரியன் உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டரைச் சுழற்சி பொருந்தியதை வைத்து எழுதிய விதிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

சற்று அதிகம் தாக்குப்பிடித்தது அமெரிக்க மேற்கின் 22 ஆண்டு வறட்சித் தாளம். அரிசோனாவில் டக்ளஸ் என்ற வானியலாளர் சூரியச் சுழற்சியைத் தேடித்தான் மரங்களின் ஆண்டு வளையத்தை எண்ணத் தொடங்கினார். மர வளையக் காலக்கணிப்பு என்ற துறையே அப்படிப் பிறந்தது. 1979ல் மிட்செல், ஸ்டாக்டன், மீகோ மூவரும் 1700 முதலான வளையங்களை வைத்து, மேற்கு அமெரிக்காவில் வறட்சி பரவும் பரப்பளவு ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை விரிகிறது என்று காட்டினார்கள். 1930களின் புழுதிப்புயல் காலம், 1950களின் நடுப்பகுதி, 1976–77 என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் இருந்தன. ஆனால் 18.6 ஆண்டு நிலவுச் சுழற்சிக்கும் அதே தரவு பொருந்துகிறது என்றார்கள் வேறு சிலர். 1930கள் வறட்சியைக் கடல் வெப்பநிலையை மட்டும் கொடுத்தே கணினி மாதிரிகள் பெருமளவு மீட்டுருவாக்கிவிடுகின்றன: பசிபிக்கில் லேசான குளிர்ச்சி, அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பு. புல்வெளியை உழுது மண்ணைத் திறந்து போட்டது மீதியைச் செய்தது. 22 ஆண்டுத் தாளம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும், எந்த ஆண்டு, எந்த மாவட்டம் என்று சொல்ல அது உதவியதில்லை.

காலத்தை நூற்றாண்டுகளாக நீட்டினால் சூரியனின் பக்கம் வாதம் வலுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓமனின் ஹோட்டி குகையில் 9,600 முதல் 6,100 ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த சுண்ணாம்புப் படிவின் ஆக்சிஜன் விகிதம் பருவமழையின் வலுவைக் காட்டுகிறது. அது, சூரியத் துடிப்பைக் காட்டும் கார்பன்-14 அளவோடு கவனிக்கத்தக்க ஒற்றுமை கொண்டது. 1645 முதல் 1715 வரை புள்ளியே அரிதாக இருந்த மவுண்டர் தாழ்வு ஐரோப்பாவின் குளிர் நூற்றாண்டுகளோடு ஒத்துப்போகிறது. ஆனால் அந்தக் குளிர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, எரிமலைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. பல தலைமுறைக்கு நீடிக்கும் மாற்றத்துக்குக் கடல் மெல்ல மெல்ல ஒத்துழைக்கும். 11 ஆண்டுக்குள் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அது அசைந்துகொடுப்பது குறைவு. குகைப் படிவை மேற்கோள் காட்டி 2030ஐச் சொல்வது அதனால்தான் தவறு.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். ஒரு மாலை வேலை, எக்செல் போதும். மாதாந்திரப் புள்ளி எண்ணிக்கை பெல்ஜியத்தின் ராயல் வானாய்வகத் தளத்தில் இலவசம். மழைக்கு, 1871 முதலான உட்கோட்ட வாரி மாதாந்திர அளவுகளைப் புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் தொகுத்திருக்கிறது. புள்ளித் தரவில் ஒரு குழி உண்டு: 2015 ஜூலையில் எண்ணும் அளவுகோலே மாற்றப்பட்டது. பழைய 0.6 காரணி நீங்கியதால் புதிய எண்கள் பெரியவை. பழைய புத்தகத்தின் அட்டவணையோடு இன்றைய எண்ணை ஒட்டினால் நடுவில் ஒரு பொய்யான தாவல் வரும். மழையில் இன்னொரு குழி: ஆண்டு மொத்தத்தை எடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனியாகவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தனியாகவும் எடுங்கள். எல் நினோ தென்மேற்கைக் கெடுத்து, வடகிழக்கை உயர்த்தும் போக்குடையது. இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பிறகு ஒவ்வோர் ஆண்டின் மழையையும் சராசரியிலிருந்து எத்தனை சதவீத விலகல் என்று மாற்றி, புள்ளியோடு ஒட்டுறவுக் கெழு (correlation coefficient) காணுங்கள். 120 ஆண்டுத் தரவுக்கு 0.18க்குக் கீழே வந்தால் அது தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாதது. மேலே வந்தால் கொண்டாட வேண்டாம். தரவை 60, 60ஆக வெட்டி இரண்டு பாதியிலும் கூட்டல், கழித்தல் குறி ஒன்றாக இருக்கிறதா, ஒவ்வொன்றும் 0.25ஐத் தாண்டுகிறதா பாருங்கள். பெரும்பாலான கண்டுபிடிப்புகள் இந்த இடத்தில் விழுந்துவிடும். அதற்கும் தப்பினால் மழை ஆண்டுகளைச் சீட்டுக் கலைப்பது போல ஆயிரம் முறை கலைத்து ஒவ்வொரு முறையும் கெழு காணுங்கள். உங்கள் உண்மை எண்ணைவிடப் பெரியது 50 முறைக்கு மேல் வந்தால் கையை விரிக்க வேண்டியதுதான்.

பலரும் சறுக்குவது மென்மையாக்கலில். மழைக் கோடு முள்முள்ளாக இருப்பது பிடிக்காமல் 11 ஆண்டு நகரும் சராசரி எடுப்பார்கள். உடனே அழகான அலை தோன்றும். ஸ்லட்ஸ்கி என்ற புள்ளியியலாளர் 1927லேயே காட்டினார்: வெறும் குலுக்கல் எண்களுக்கு நகரும் சராசரி எடுத்தாலும் அலை வரும். அலை வந்ததும் ஒட்டுறவும் ஏறும். ஆனால் 120 ஆண்டு என்பது கணக்கில் மிகச் சில சுயேச்சையான எண்களாகச் சுருங்கிவிடும், 0.18 என்ற பழைய எல்லை அதற்குச் செல்லாது. அடுத்த சறுக்கல் தேடலின் அகலம். நாட்டில் 36 வானிலை உட்கோட்டம், நான்கு பருவம், புள்ளிக்குப் பிறகு மழை மாறப் பூஜ்யம் முதல் ஐந்து ஆண்டு வரை பின்தங்கல் என்று எல்லாவற்றையும் முயன்றால் 864 சோதனை. நூற்றில் ஐந்து தற்செயலை அனுமதிக்கும் வழக்கமான 5% விதியில் 43 இடங்களில் தற்செயலாகவே 'தொடர்பு' முளைக்கும். அந்த 43ல் ஒன்றுதான் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருவது. இன்னொன்று நிபுணர்களையே ஏமாற்றியது: எல் சிச்சோன் (1982), பினாட்டுபோ (1991) இரண்டு பெரிய எரிமலைகளும் உச்சம் முடிந்து இரண்டு மூன்று ஆண்டில் வெடித்தன. அவை தந்த குளிர்ச்சியைக் கழிக்காமல் விட்டால், சூரியன் இறங்கியதால் பூமி குளிர்ந்தது போலவே கணக்கு காட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஏன் முடிவு கிடைப்பதில்லை என்பதற்கு ஒரு எளிய கணக்கு. வட்டாரப் பெருக்கத்தால் சூரிய விளைவு பத்து மடங்காகி, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் 3% மழை வித்தியாசம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் 10%. இதைத் தற்செயலிலிருந்து பிரித்துக்காட்டவே உச்சத்தை ஒட்டி 90, தாழ்வை ஒட்டி 90 ஆண்டு வேண்டும். சுழற்சிக்கு மூன்று ஆண்டு வீதம் எடுத்தால் 30 சுழற்சி, அதாவது 330 ஆண்டு மழைப் பதிவு. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவம் கால்பங்குக்கு மேல் ஆடுவதால், அதற்கு இன்னும் ஆறேழு மடங்கு. நம்மிடம் இருப்பது ஒன்றரை நூற்றாண்டு.

ஆகவே 2030ஐ ஒட்டித் திட்டமிடாதீர்கள். ஆண்டுதோறும் பார்க்க வேண்டியது பசிபிக்கின் நடுப்பகுதிக் கடல் வெப்பம்: இயல்பைவிட அரை டிகிரி அதிகமாகப் பல மாதம் நின்றால் எல் நினோ. ஏப்ரலுக்கு முன் சொல்லப்படும் கணிப்புகள் அடிக்கடி பிசகும். ஜூனுக்கு மேல் நம்பலாம். இந்திய வானிலைத் துறை தென்மேற்குக்கு ஏப்ரல் நடுவிலும் மே இறுதியிலும், வடகிழக்குக்குச் செப்டம்பர் இறுதியை ஒட்டியும் கணிப்பு தருகிறது. காவிரிப் பாசனமாக இருந்தால் குறுவை, குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கை நம்பியது; சம்பாவுக்கு வடகிழக்கும் வேண்டும். கிணற்றுப் பாசனமாக இருந்தால் உங்கள் கணக்கே வேறு.

பண்ணைக்குட்டைக்கு இவை எதுவும் தேவையில்லை. உங்கள் வட்டத்தின் மழைமானிப் பதிவை 30 ஆண்டுக்கு எடுங்கள். பருவமழை இயல்பில் 75%க்குக் கீழே போன ஆண்டுகளை எண்ணுங்கள். வானிலைத் துறை வறட்சி என்று குறிக்கும் எல்லை அதுதான். 30ல் 6 வந்தால் எந்த ஓர் ஆண்டிலும் வறட்சிக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அடுத்த ஐந்து ஆண்டில் ஒருமுறையாவது அது வர 67% வாய்ப்பு, சூரியன் எந்தக் கட்டத்தில் இருந்தாலும். வெட்டுவதாக இருந்தால் இந்தக் கோடையிலேயே வெட்டிவிடுங்கள். குட்டை நிரம்ப ஒரு நல்ல பருவம் முன்னதாகக் கிடைத்தாக வேண்டும்.